20 நிமிட நடைக்கு 60 மணி நேரம்: தாராவித் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாராவியில் உள்ள ஊர்ச் சங்க நிர்வாகிகள், கோயில் கமிட்டிப் பெரியோர்கள், தொழிற்கூட உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் இப்பகுதி அங்கன்வாடி ஒன்றில் 19 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்களில் பலருடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மாதந்தோறும் எடை பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் சந்தில், எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணியளவில் மூச்சு இரைக்கத் தொடங்கியது. அவளுக்கு ஆக்சிஜன் கிடைத்தபோது புதன் காலை ஒன்பது மணி. வீட்டிலிருந்து மருத்துவமனை 20 நிமிட நடைதான். அதைக் கடக்க அக்குழந்தைக்கு 60 மணி நேரம் ஆனது.

அந்த 60 மணி நேரம் எங்கே போயிற்று என்று அவள் தாயுடன் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கணவர் சரக்குடன் சூரத் சென்றிருந்தார். மூத்த பிள்ளைகள் இருவரையும் இரவில் யாரிடம் விட்டுச் செல்வது என்று தெரியாமல் முதல் இரவு கழிந்தது. திங்களன்று வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்பதால், மெடிக்கலில் ஒரு சிரப் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தையல் கூடத்துக்குப் போனார். செவ்வாய் காலை, பட்டம் ஏதும் பெறாத ஒருவரிடம் 200 ரூபாய்க்கு ஓர் ஊசி. அன்று மாலை ஒரு வழியாக மருத்துவமனைக்குப் போய், வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எடுத்து, மருத்துவர் முன்னால் நின்றபோது, அந்தத் தாய்க்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல் 'புக்கார்'. காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு, மருந்து கொடுத்து, காலையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நான் பார்த்தபோது, மூச்சை இழுக்கும்தோறும் குழந்தையின் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்துகொண்டிருந்தது. எனக்கு மராத்தி தெரியும் என்பதால் அவர்களுடன் சென்று பேச முடிந்தது.

என் மனத்தை இன்றும் அறுப்பது ஒன்றுண்டு. ஞாயிறு இரவே அந்தத் தாய் பக்கத்து வீட்டு அத்தையிடம், "மூச்சு வாங்குது, பால் குடிக்க மாட்டேங்குறா" என்று சொல்லியிருக்கிறார். குழந்தையால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தியெடுப்பது, வலிப்பு, மயக்கம் அல்லது துவண்டு கிடத்தல் ஆகிய நான்கையும்தான், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டிய ஆபத்து அறிகுறிகளாக உலக சுகாதார நிறுவனம் களப்பணியாளர்களுக்குக் கற்றுத்தருகிறது. அதாவது அவர் சரியானதைத்தான் கண்டார், அதைத் தமிழில் சரியாகவே சொன்னார். நம் பெண்களின் கண்ணில் பிழை இல்லை. வயிற்றுப்போக்கில் உச்சிக்குழி விழுந்துவிட்டது என்பதையும் அவர்களே முதலில் காண்கிறார்கள்; ஆனால் உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது என்று சொல்லித்தர ஆளில்லாததால் தொக்கம் எடுக்கும் நாட்டு வைத்தியரிடம் போகிறார்கள். 1971-ல் வங்க எல்லையின் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அந்த உப்பு-சர்க்கரைக் கலவையான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இன்று என் அங்கன்வாடி அலமாரியிலேயே இருக்கிறது.

2023-ல் உலகில் ஐந்து வயதை எட்டாமல் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 48 லட்சம். மிக ஏழை நாடுகளில் இத்தகைய தாய்மார்களை முதலில் தடுப்பது கட்டணம். சியரா லியோன் அரசு 2010-ல் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சையை இலவசமாக்கியவுடன், அதுவரை வராதவர்கள் திரண்டு வந்தார்கள். கட்டணம் போன பிறகும் தூரம், வண்டிச் செலவு, இழக்கும் கூலி, வீட்டாரின் சம்மதம் ஆகியவை அங்கே மிச்சமிருந்தன. நம் நாட்டில் 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், பின்னர் விரிவாக்கப்பட்டு, ஒரு வயது வரையிலான நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம் என்கிறது. அப்படியிருந்தும் அந்தத் தாய் ஏழு நாள் படுக்கையருகே இருந்துவிட்டுத் திரும்பியபோது, காதில் கம்மல் இல்லை. தையல் கூடத்தில் அவருடைய மிஷினில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். குழந்தை பிழைத்துவிட்டாள். அடுத்த பிள்ளைக்கு இரைத்தால் அவர் இன்னும் அதிகம் யோசிப்பார் என்று அஞ்சுகிறேன்.

அரசிடம் கேட்க வேண்டியவை தனியே உண்டு. மிச்சமிருக்கும் இந்தத் தடைகள் உங்கள் கைக்கு எட்டியவை என்பதால்தான் உங்களிடம் வருகிறேன். கோயில் கொடைக்கு வீடுவீடாக வரி பிரிக்கும் ஒழுங்கு நம்மிடம் இருக்கிறது; அதில் ஒரு சிறு பங்கை, இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்கு வண்டிக் கூலியாக, கேள்வி கேட்காமல் கொடுக்க ஒதுக்குங்கள். மராத்தி பேசும் நம் இளைஞர்களில் இரவுக்கு ஒருவர் தொலைபேசியை அணைக்காமல் இருந்து, கூடச் சென்று, தாய் தமிழில் சொல்வதை ஒரு சொல் குறையாமல் மருத்துவரிடம் சொல்லட்டும். தொழிற்கூட உரிமையாளர்களை நான் கைகூப்பிக் கேட்பது இதுதான்: பிள்ளை மருத்துவமனையில் கிடக்கும் நாட்களில் கூலியைத் தர இயலாவிட்டாலும், வேலையைப் பறிக்காதீர்கள்.

மூச்சை எண்ணுவதற்குச் செல்பேசிக் கடிகாரமே போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் 50-ம், அதன் பிறகு ஐந்து வயது வரை 40-ம் தொட்டால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அந்த அளவு 60. நெஞ்சு உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிராமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இதை உங்கள் கூட்டத்தில் பெண்களுக்குச் செய்து காட்ட எனக்கு அரை மணி நேரம் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எதுவாயினும், எந்தச் சங்க அலுவலகமாயினும் வருகிறேன். அந்தக் குழந்தையின் தாயும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தாராவியில் பணிபுரியும் ஓர் அங்கன்வாடி ஊழியர்