பாலாடையை மட்டும் எடைக்குப் போடாதே

அன்புள்ள வள்ளிக்கு,

அத்தை எழுதுகிறேன். அப்பத்தாவின் வெள்ளிச் சாமான்களைப் போட்டுவிட்டுப் புதுக் குத்துவிளக்கு வாங்கப் போகிறாயாம், தம்பி சொன்னான். உன் பொருள், உன் இஷ்டம். ஆனால் கடையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போ. போன வருடம் என் கூஜாவைக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஓர் ஓரத்தை உரசிப் பார்த்தார், இணைப்புகளை ஒட்டவைத்த பற்றாசு அதிகம் என்று எடையில் கழித்தார். கழுத்தைச் சுற்றி ஓடிய கொடி வேலைப்பாட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் தேநீர்ச் சாமான்களை ஒரு காலத்தில் சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை வெள்ளைக்காரர்களுக்கு விற்றது. 'சுவாமி சில்வர்' என்ற பெயரில் அவை இன்றும் லண்டனில் ஏலத்துக்கு வருகின்றன. அங்கே வேலைப்பாட்டுக்கும் விலை உண்டு.

குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த கிண்ணம், அந்தப் பாலாடையை எடுத்துப் பார். மூக்கின் நுனி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பல் முளைத்த நாளில் உன் அப்பா கடித்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையால் பால் புகட்டுகிறார்கள். அங்கே எவர்சில்வர், அவ்வளவுதான். பேரப்பிள்ளை வந்ததும் வெந்நீரில் கொதிக்கவிட்டு இதையே எடு.

கும்பாவில் பாயசம் ஊற்று. உப்பும் புளிப்பும் தங்கினால் வெள்ளியில் குழி விழும், ஊறுகாய் வைக்காதே. முட்டை பட்டால் கறுத்துவிடும். டபராவில் காப்பி குடிக்க ஆசைப்பட்டால் விளிம்பைப் பிடி. வெள்ளியைப் போலச் சூட்டைக் கடத்தும் உலோகம் வேறில்லை. பன்னீர்ச் செம்பு கல்யாண வரவேற்புக்கு மட்டும்தான் உதவும், பொய் சொல்வானேன்.

கறுத்திருந்தால் விபூதி தொட்டுப் பழைய வேட்டித் துணியால் தேய். அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் வைத்தியம் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆக்கிவிடும்தான். ஆனால் செதுக்கலின் பள்ளத்தில் தங்கிய கறுப்பும் போய்விடும், கொடியெல்லாம் மொழுக்கென்று தெரியும். ரப்பர் பாண்டு போட்டும் கட்டி வைக்காதே, அதிலுள்ள கந்தகம் கோடு கோடாகக் கறுக்க வைக்கும்.

தட்டைப் போடுவதானால் போடு, அதில் வேலைப்பாடு ஒன்றுமில்லை. மற்றதை நான் ஆடியில் வந்து பார்க்கும்வரை பீரோவிலேயே வை.

அன்புடன்,
அத்தை