அவசரப்படுத்தாத எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் நெருங்குகிறது. நியாயமாக இந்த மடல் மூன்றாம் மாதமே வந்திருக்க வேண்டும். நன்றி சொல்ல வேண்டியவர்கள் அப்போதே வரிசையாக இருந்தார்கள். ‘குணமாகிவிட்டேன்’ என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. இப்போதும் முழுசாகச் சொல்ல மாட்டேன். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடிக்கு முட்டி விறைத்துக்கொள்கிறது. ஆனாலும் நடக்கிறேன், தூங்குகிறேன், வலி மாத்திரையை மறந்தே போகிற வாரங்கள் வருகின்றன. முழுக்கத் தேறட்டும் என்று காத்திருந்தால் நன்றி சொல்வது தள்ளிக்கொண்டே போகும்.

தனித்தனியாகப் போனில் சொல்லிவிட்டுப் போகலாமே என்றார் இவர், என் வீட்டுக்காரர். உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. அதுவும் போக, என்னைப் போலவே ‘மற்றவர்களெல்லாம் எழுந்து நடக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று முட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு. தேதி குறிப்பதற்கு முன்பே என்னையும் இவரையும் எதிரில் உட்காரவைத்து, தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு மேலே கோபால்ட்-குரோமிய உலோகமும், கீழே டைட்டானியத் தட்டும், நடுவில் குருத்தெலும்புக்குப் பதிலாகக் கெட்டியான பாலிஎத்திலீனும் வைப்பதைப் பொம்மை மூட்டில் காட்டினீர்கள். அதைவிட முக்கியமாக, நல்லதை மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. “ஆறு வாரத்துல வீட்டுக்குள்ள நல்லா புழங்குவீங்க. மூணு மாசத்துல நிறைய வேலை பண்ணலாம். ஆனா முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். அஞ்சு பேர்ல ஒருத்தர் வரைக்கும், எதிர்பார்த்த அளவுக்கு இல்லையேன்னு சொல்றாங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சம்மதம் சொல்லுங்கம்மா.” அன்றைக்கு இவருக்குக் கோபம். ஆபரேஷனுக்கு முன்னால் இப்படியா பேசுவார் ஒரு டாக்டர் என்று வீடு வரும்வரை முணுமுணுத்தார். பின்னால் எத்தனையோ இரவு என்னைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பேச்சுதான். யாரும் எனக்குப் பொய் சொல்லவில்லை என்பதே ஒரு தெம்பு.

மூன்றாம் மாதம் தாண்டியும் வீக்கம் வடியவில்லை என்று நான் வந்து நின்றபோது, ‘அதெல்லாம் சரியாப் போயிடும்’ என்று தட்டிக்கழிக்காமல் எக்ஸ்ரே எடுத்தீர்கள். உள்ளே கிருமி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளைச் செய்யச் சொன்னீர்கள். எல்லாம் சரி என்று வந்த பிறகுதான், “இரும்பு நல்லா உட்கார்ந்திருக்கு, சதைதான் நேரம் எடுத்துக்குது” என்றீர்கள். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதால்தான் அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்தது பிசியோ தம்பி. இவருக்குத் தனி மடலே எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே அவர் செய்த காரியம், என் முட்டிக்கு அடியிலிருந்த தலையணையை உருவியது. அன்பாக வைத்த தலையணை அது. கால் கொஞ்சம் மடங்கினவாக்கில் இருந்தால் எவ்வளவு சுகம்! “சுகமாத்தான் இருக்கும்மா. இப்படியே இறுகிப்போச்சுன்னா கால் முழுசா நீளாது, நடக்கும்போது நொண்டும். மடக்கறதை எல்லாரும் கேட்பாங்க, நீட்டறதை யாரும் கேட்க மாட்டாங்க. எனக்கு நீட்டறதுதான் முதல்ல வேணும்” என்று சொல்லித் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி அந்தரத்தில் நின்றது. அதன் பின்புறத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். அதாவது அழுத்துவதாக நினைத்துக்கொண்டேன். பல்லைக் கடிக்கிறேன், தோள் இறுகுகிறது, முகம் சிவக்கிறது, தொடை மட்டும் ‘எனக்கென்ன’ என்று கிடக்கிறது. அவர் முட்டிச் சில்லுக்கு மேலே இரண்டு விரலை வைத்து, என் கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்தார். “இந்த இடம் துடிக்குதா பாருங்க. கொஞ்சமாத் துடிச்சாலும் போதும்.” ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தோலுக்கு அடியில் லேசாக ஒரு அசைவு, எறும்பு ஊருகிற அளவுக்கு. “வந்திருச்சு!” என்றார், ஏதோ நான் மலை ஏறிவிட்டது மாதிரி.

அப்போதுதான் விளக்கினார். மூட்டு வீங்கி உள்ளே நீர் கோத்திருந்தால் தொடைத் தசைக்குப் போகிற உத்தரவை உடம்பே குறைத்துவிடுமாம். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் பாதியையோ அதற்கு மேலோ இழந்துவிடுவது சகஜமாம். “நீங்க சோம்பேறி இல்லம்மா, ஒயர்ல கரண்ட் கம்மியா வருது, அவ்வளவுதான்.” இந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அதற்குள் இரண்டு மூன்று பேர், ‘மனசு வச்சா முடியும், நீங்க பயப்படறீங்க’ என்று புத்தி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கோணம் அளக்கிற அந்தப் பிளாஸ்டிக் கருவியை எடுத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நாற்காலியில் உட்கார்ந்து எழவே முட்டி 90 டிகிரி மடங்க வேண்டும் என்பார்கள். நான் அதற்கு இந்தப் பக்கமே வாரக்கணக்கில் நின்றேன். மயக்கம் கொடுத்து டாக்டர் கையால் மடக்கிவிடுகிற சிகிச்சையைப் பற்றிக்கூடப் பேச்சு வந்தது. அதைச் செய்வதானால் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம் என்றும் சொன்னார்கள். தம்பி அளவைத் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்ததால், கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்று டாக்டரிடம் காட்ட முடிந்தது. அந்தச் சிகிச்சைக்குத் தேவை வரவில்லை. தேவைப்பட்டவர்கள் செய்துகொள்வதில் ஒரு குறைவும் இல்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் உதவியது. இன்று எவ்வளவு செய்யலாம் என்பதை மறுநாள் காலை முட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீக்கம் நேற்றைவிடக் கூடியிருந்தால் அன்று பயிற்சியைக் குறைத்து, துணி சுற்றிய ஐஸ் பேக்கைக் கூட ஒரு தடவை வைத்து, காலை இதயத்தைவிட உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும். அப்படியே இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று விரட்டுகிறவர் வாய்த்திருந்தால் நான் இன்னும் பின்தங்கியிருப்பேன்.

வார்டு நர்ஸ்களுக்கு. மயக்கம் தெளிந்த கையோடு பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி விரட்டிய அந்த உயரமான பெண்ணை அப்போது மனசுக்குள் திட்டினேன். கெண்டைக்காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு விரட்டு. வீட்டுக்குப் போகும்போது, கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு தையல் கசிந்தாலோ போன்கூடப் பண்ணிக்கொண்டிருக்காமல் நேரே வந்துவிடுங்கள் என்று இரண்டு முறை சொல்லி, என்னைத் திரும்பச் சொல்லவும் வைத்தீர்கள்.

பகல் நேர ஹெல்ப்லைனில் பேசிய குரலுக்கும் நன்றி. பெயர் கேட்கத் தோன்றவில்லை. முட்டி எப்போது தொட்டாலும் சூடாக இருக்கிறதே, தழும்புக்கு வெளிப்பக்கம் தொட்டால் மரத்துப்போய் இருக்கிறதே, நடந்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறதே என்று அடுக்கினேன். காய்ச்சல் உண்டா, சிவந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, சூடு மாதக்கணக்கில் இருக்கும், கீறும்போது தோலுக்குப் போகிற சின்ன நரம்பு அறுபடுவதால் மரத்துப்போகும், அதில் ஒரு பகுதி திரும்பாமலும் போகலாம், சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். போனை வைத்துவிட்டு அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

தூக்கம் என்றதும் இவர். வலியைவிடத் தூக்கமில்லாததுதான் என்னை வாட்டியது. பக்கவாட்டில் படுக்க முடியாது, நேராகப் படுத்தால் முட்டி குடையும். நடுராத்திரியில் ஐஸ் பேக்கை மாற்றிவிட்டு, ‘தூங்கு’ என்று சொல்லாமல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வார், எனக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது என்று தெரிந்தும். காரணமே இல்லாமல் அழுத நாட்களில் ஏன் என்று கேட்கவில்லை. வலி மாத்திரையால் வயிறு கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டை இங்கே விரிவாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அவர்தான்.

மகளுக்கு. மாதம் ஒரு தடவை, நான் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுவரை போவதைப் போனில் வீடியோ எடுத்து வைத்தாய். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ‘ஒரு முன்னேற்றமும் இல்லை’ என்று நான் ஆரம்பிக்கிற நாளில், வாதம் செய்யாமல் முதல் மாத வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்துவிடுவாய். இரண்டு கையையும் ஊன்றி, உதட்டைக் கடித்து, பாதியில் திரும்ப உட்கார்ந்துவிடுகிற அந்த அம்மாளைப் பார்த்து எனக்கே பாவமாக இருக்கும். நேற்றோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, போன மாதத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும் என்பதை நீ அப்படிக் காட்டினாய். லான்செட் மருத்துவ இதழில் 2019இல் வந்த ஆய்வைப் படித்துச் சொன்னதும் நீதான். முழு மூட்டு மாற்றில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குகிறதாம். “25 வருஷம் கூட இருக்கப்போற முட்டிம்மா, பழகிக்க ஒரு வருஷம் எடுத்துக்கட்டுமே.”

பிசியோ அறையில் பழக்கமான அக்காவுக்கு. இரண்டு முட்டியும் மாற்றியவர். எனக்கு முன்னால் சேர்ந்து, எனக்குப் பின்னும் வந்துகொண்டிருந்தவர். “நீயும் நானும்தான் இங்க ஃபெயிலான கேஸு, வா உட்காரு” என்று முதல் நாளே இடம் ஒதுக்கிக் கொடுத்தீர்கள், அக்கா. படி ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் கால் முதலில், கைத்தடி ஆபரேஷன் காலுக்கு எதிர்க் கையில் என்பதையெல்லாம் தம்பி பத்து தடவை சொல்லியிருப்பார். நீங்கள் எனக்கு முன்னால் படியில் நின்று செய்து காட்டியபோதுதான் கால் புரிந்துகொண்டது. உங்களோடு சிரித்த அளவுக்கு அந்த வருடம் வேறு எங்கேயும் சிரிக்கவில்லை.

லிஃப்ட் கதவைப் பிடித்து நின்றவர்கள், உயரமான நாற்காலியைத் தேடி இழுத்துப் போட்டவர்கள், பின்னால் வரிசை நின்றும் ‘மெதுவா வாங்க’ என்றவர்கள், பார்க்க வந்து பத்து நிமிஷத்தில் கிளம்பிப் போன புண்ணியவான்கள், எல்லோருக்கும் நன்றி. முகம் தெரியாதவர்களும் உண்டு. 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், சித்தரஞ்சன் ரணாவத் ஆகியோர் இருந்த குழு பொருத்த ஆரம்பித்த வடிவத்தின் வழிவந்ததுதான் இன்று பலருடைய காலுக்குள் இருக்கும் மூட்டு. அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

‘எங்க சித்தி ஆறே வாரத்துல மாடி ஏறிட்டாங்க’ என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். சித்திக்கு என் வாழ்த்துகள். நன்றியில் சேர்க்கவில்லை.

வாக்கரும் உயரமான கழிப்பறை இருக்கையும் கடன் கொடுத்த எதிர்வீட்டுக்காரர்களே, இரண்டையும் துடைத்து வைத்துவிட்டேன். எடுத்துப்போக அவசரம் வேண்டாம். இடது முட்டியின் எக்ஸ்ரேயையும் டாக்டர் பார்த்துவிட்டார். இப்போதைக்குப் பயிற்சியிலேயே ஓட்டலாம், பிறகு பார்ப்போம் என்றிருக்கிறார். அந்த ‘பிறகு’ வந்தால் மேலே சொன்ன அத்தனை பேரையும் மறுபடி கூப்பிடுவேன். இவர் இப்போதே கிரிக்கெட் அட்டவணையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நன்றியுடன்,
உங்கள் வலது முட்டிக்காரி