வேவர்லி இன்னும் ஓடுகிறது

கிளாஸ்கோ,
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. உடற்பயிற்சியில் மட்டும் சோம்பல் வேண்டாம். பேத்திக்குத் திருச்சியிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆகவே நான் தீபாவளிக்குப் பிறகுதான் ஊர் திரும்புவேன் என்று நினைக்கிறேன்.

நீலகிரி ரயிலுக்கு இன்னும் நீராவி எஞ்சின் எதற்கு, ஓடி முடித்ததைக் காட்சிக்கு நிறுத்தினால் போதாதா என்று கேட்டிருந்தாய். பொன்மலைப் பணிமனையில் முடி நரைக்கும் வரை உழைத்தவன் நீ. உனக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த ஊரின் கிளைடு ஆற்றில் ஓடும் ஒரு கப்பல்தான் அதற்குக் காரணம்.

அதன் பெயர் வேவர்லி. சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு புகைபோக்கிகள், இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள். துடுப்புச் சக்கரத்தால் கடலில் ஓடிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் உலகத்தில் இன்று இது ஒன்றுதான். 1946-இல் இதே கிளாஸ்கோவில் ஏ. அண்ட் ஜே. இங்லிஸ் கம்பெனி கட்டியது. உனக்குச் சொல்ல வேண்டியது அதன் எஞ்சினைப் பற்றி. மூன்று சிலிண்டர்கள் சாய்வாகக் கிடக்கின்றன. முதல் சிலிண்டரில் உயர் அழுத்தத்தில் வேலை செய்த நீராவி அடுத்ததிலும், அதற்கும் அடுத்ததிலும் அழுத்தம் குறையக் குறைய மறுபடி வேலை செய்கிறது. 2,100 குதிரைத்திறன். இவ்வளவையும் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கவில்லை. பயணிகள் நடக்கும் வழியை ஒட்டியே எஞ்சின் இருக்கிறது. கிராங்க் தண்டு சுழல்வதை, எண்ணெய் மினுக்கும் இணைப்புத் தண்டுகள் ஏறி இறங்குவதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரும் பார்க்கலாம். ரோத்சே என்ற கடற்கரை ஊருக்குப் போகும் வழியில் என் பேத்தி மேல்தளத்துக்கு வரவே மறுத்துவிட்டாள். மலையும் கடலும் எங்கும் போய்விடாது என்பது அவள் வாதம்.

இந்த ஆற்றுக்கும் நீராவிக்கும் உறவு பழையது. ஹெலன்ஸ்பரோவில் விடுதி நடத்திய ஹென்றி பெல் என்பவர் 1812-இல் காமெட் என்ற சிறு படகில் எஞ்சின் பூட்டி, கிளாஸ்கோவுக்கும் கிரீனக்குக்கும் ஹெலன்ஸ்பரோவுக்கும் இடையே கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றினார். ஐரோப்பாவில் வணிக ரீதியில் நடந்த முதல் நீராவிக் கப்பல் சேவை அதுதான். விடுதிக்கு ஆட்கள் வர வேண்டும் என்பதும் அவர் கணக்கு. காமெட் 1820-இல் பாறையில் மோதி உடைந்துபோனது. அதற்குள் அவரைப் பார்த்துப் பலரும் இந்தத் தொழிலில் இறங்கிவிட்டார்கள்.

ஜூலை இரண்டாம் பாதியில் இந்த ஊரின் ஆலைகளும் கப்பல் தளங்களும் அடைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். கொதிகலன் அடிப்பவரும் தறி ஓட்டிய பெண்களும் குழந்தை குட்டிகளோடு புரூமிலா துறையில் கப்பல் ஏறி டனூன், ரோத்சே, மில்போர்ட் என்று போவார்கள். புகை மண்டிய நகரத்தில் ஆண்டு முழுவதும் உழைத்தவர்களுக்குக் கடல் காற்றைக் கொடுத்தது இந்தக் கப்பல்கள்தான். இவற்றின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது அதையே. பணக்காரர்களின் படகு வரலாறு எல்லா நாட்டிலும் இருக்கிறது.

குடியும் சேர்ந்தே பயணம் செய்தது. 1853-இல் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் சட்டம் வந்தபோது கப்பல்கள் அதற்குள் சிக்கவில்லை. குடிப்பதற்காகவே கப்பல் ஏறினார்கள். அதற்கு மறுப்பாக 1880-இல் ஐவன்ஹோ என்ற கப்பல் மது இல்லாமல் ஓடியது. குடும்பத்தோடு போகிறவர்கள் அதைத் தேடி ஏறினார்கள்.

பெருமைக்குரிய கப்பல் என்றால் 1878-இல் வந்த கொலம்பா. தபால் நிலையமும் முடிதிருத்தும் அறையும் அதற்குள்ளேயே இருந்தன. அயோனா என்ற பெயர்க் கப்பல்களின் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் முற்றுகையைத் தாண்டிச் சரக்குக் கடத்த, வேகமான கிளைடு கப்பல்களைத் தென்மாநிலத்தார் தேடித் தேடி வாங்கினார்கள். முதல் அயோனாவும் இரண்டாவதும் அப்படி விற்கப்பட்டன. அட்லாண்டிக்கைக் கடக்குமுன்னே இரண்டும் மூழ்கின. மூன்றாவது அயோனா எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

பிறகு ரயில் கம்பெனிகள் புகுந்தன. ஒவ்வொன்றும் கரையில் தன் நிலையம், தன் துறைமேடை, தன் கப்பல்கள் என்று வைத்துக்கொண்டு போட்டியிட்டன. துறைமேடையை முதலில் தொடக் கேப்டன்கள் பந்தயமே ஓட்டினார்கள். எந்தக் கப்பல் முதலில் அணையலாம் என்று காட்டச் சைகைப் பலகைகள் வைக்க வேண்டியதாயிற்று. கம்பெனிகளுக்கு நஷ்டம், பயணிகளுக்கு அழகான, வேகமான கப்பல்கள். 1901-இல் டம்பார்ட்டனில் டென்னி கம்பெனி கட்டிய கிங் எட்வர்ட், டர்பைனால், அதாவது நீராவி விசையில் சுழலும் எஞ்சினால், ஓடிய உலகின் முதல் பயணிக் கப்பல். பெருங்கடல் கப்பல்களுக்கு டர்பைன் வருமுன்பே இந்த ஊர்க்காரர்கள் அதில் கடற்கரைக்குப் போய்வந்தார்கள்.

இரண்டு உலகப் போர்களிலும் இவை கண்ணிவெடி அகற்றப் போயின. 1899-இல் கட்டிய பழைய வேவர்லி, 1940 மே 29 அன்று டன்கர்க்கில் படைவீரர்களை ஏற்றி வரும்போது குண்டுவீச்சில் மூழ்கியது. இப்போதைய கப்பல் அதன் பெயரைத் தாங்குகிறது.

கார் பெருகியது, வெளிநாட்டு விடுமுறை மலிந்தது. 1973-இல் வேவர்லியை நிறுத்திவிட்டு, மறு ஆண்டு ஒரு பவுண்டுக்குத் துடுப்புக் கப்பல் பாதுகாப்புச் சங்கத்திடம் கொடுத்தார்கள். சங்கத்தார் மக்களிடம் கையேந்திப் பணம் திரட்டி 1975-இலேயே அதை ஓடவிட்டார்கள். 2019-இல் கொதிகலன் போய் ஒரு பருவமே நின்றது. 23 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது; பொதுமக்கள் கொடுத்தார்கள், ஸ்காட்லாந்து அரசும் 10 லட்சம் கொடுத்தது. மறு ஆண்டு புதுக் கொதிகலனோடு வந்து பிராடிக் துறைமேடையில் மோதியதும் உண்மை. மறைக்க மாட்டேன். இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் இருப்பதால் மெதுவாகப் போகும்போது இதைத் திருப்புவது கடினம்.

நீ சொல்வதுபோல் காட்சிக்கு நிறுத்துவதானால் என்ன ஆகும்? பிரிட்டனில் கடைசியாகக் கட்டிய துடுப்புக் கப்பல், 1953-இல் வந்த மெய்ட் ஆஃப் தி லாக், 1981-இல் ஓட்டம் நின்று, லாக் லோமண்ட் ஏரியில் பாலக் என்ற ஊரின் கரையில் கட்டிக் கிடக்கிறது. தொண்டர்கள் உயிரைக் கொடுத்துப் பராமரிக்கிறார்கள். ஆனாலும் ஓடாத எஞ்சினுக்குப் பணம் சேர்ப்பது எவ்வளவு பாடு! ஓடுகிற எஞ்சினுக்கு எண்ணெய் போடத் தெரிந்த ஓர் இளைஞன் தேவைப்படுகிறான். நின்ற எஞ்சினுக்குத் தூசி தட்ட ஆள் போதும். உன் கையில் இருக்கும் வித்தை யாருக்குப் போய்ச் சேர வேண்டும், சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் அப்பா பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு வந்திறங்கிய ரஜுலா கப்பல் 1926-இல் இதே கிளாஸ்கோவில், பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. அதை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை நிறுவிய வில்லியம் மக்கினன், இங்கிருந்து உல்லாசக் கப்பல்கள் போகும் கேம்பல்டவுன்காரர். வ.உ.சி. எதிர்த்து நின்றது அவர் விட்டுப்போன அந்தக் கம்பெனியைத்தான். இந்த ஊர்த் தொழிலாளிக்கு விடுமுறைக் கப்பல் கட்டிய அதே ஆற்றங்கரையில்தான் நம்மவர்கள் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன கப்பலும் உருவானது. எனக்கு அது வலிக்கவும் செய்கிறது, உறவாகவும் தோன்றுகிறது.

அப்பாவின் பழைய பெட்டியில் ரஜுலா டிக்கெட்டோ புகைப்படமோ இருக்கிறதா என்று தங்கையிடம் கேட்டுப் பார். இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல். எஞ்சின் படங்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். இணைப்புத் தண்டின் முனையை நன்றாகப் பார்த்து, உன் கருத்து மாறியதா இல்லையா என்று எழுது.

அன்புடன்,
ராமநாதன்