நெடுங்கற்களை நேரில் பார்க்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்: நெடுங்கல் பார்வையாளர்கள்
பெறுநர்: இயக்குநர் அவர்கள், தொல்லியல் துறை
பொருள்: பூட்டிக் கிடக்கும் நெடுங்கல் வளாகத்தைத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரலாற்றுக்கு முந்தைய மக்கள் நட்டுவைத்த நெடுங்கற்களைத் தேடிப்போய்ப் பார்ப்பவர்கள் நாங்கள். பல ஆண்டுகளாகப் போய்வந்த ஓர் இடத்தில் இப்போது கம்பிவேலி போட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று ஓர் அறிவிப்புகூட இல்லை.

வேலி ஏன் வந்தது என்று எங்களுக்குத் தெரியும். கடைசியாகப் போனபோது பெரிய கல்லின் அடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். ஆட்கள் நடந்து நடந்து மண் தேய்ந்து, கல்லைச் சுற்றி ஒரு சாண் பள்ளம். அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கல் சாயாமலிருக்கக் குழிக்குள் முட்டுக்கொடுத்த சிறுகற்கள் வெளியே தெரிந்தன. ஒன்று தொட்டதுமே ஆடியது. இன்னொரு கல்லில் அக்கால மக்கள் கிண்ணம்போலக் குடைந்திருந்த சிறு குழிக்குறிகளை, ஃபோட்டோவில் எடுப்பாகத் தெரிவதற்காக யாரோ சாக்பீஸால் நிரப்பியிருந்தார்கள். பார்க்கவே வேதனையாக இருந்தது.

ஆனாலும் நிரந்தரப் பூட்டு வேண்டாம், ஐயா. மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் கண்ணில் படும் செதுக்கல்கள் உண்டு. கற்களின் வரிசை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் நடுவே நின்றால்தான் பிடிபடும்.

பிரான்சின் கார்னாக்கில் 3,000க்கும் அதிகமான கற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அங்கேயும் காலடி பட்டுப் புல் அழிந்து மண் அரித்துப்போனதால் 1991இல் வேலி போட்டார்கள். அப்புறம் ஒரு வழி கண்டார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வழிகாட்டியோடு மட்டும் உள்ளே போகலாம், கூட்டம் குறைந்த மற்ற மாதங்களில் தாமாகவே நடந்து பார்க்கலாம். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் பகலில் சுற்றுப்பாதையோடு சரி. முன்பதிவு செய்த சிறு குழுக்கள் பொதுநேரத்துக்கு வெளியே கற்களுக்கு நடுவே போகலாம்.

இங்கேயும் அப்படி ஓர் ஏற்பாடு போதும். மழை முடிந்து தரை இறுகிய மாதங்களில், வழிகாட்டியோடு சிறு குழுக்களை அனுமதியுங்கள். கல்லடியை விட்டு விலகிச் செல்லும் ஒரு நடைபாதை வேண்டும். சாக்பீஸ் தீட்டாதே, ஏறாதே, அருகில் தீ மூட்டாதே என்று வாசலிலேயே ஒரு பலகை வைக்கலாம். பள்ளத்தை மட்டும் யாரோ ஒரு ஒப்பந்தக்காரரை விட்டு மண் கொட்டி மூடிவிட வேண்டாம். கல் நட்ட காலத்தைச் சொல்லக்கூடிய கரித்துண்டோ பானை ஓடோ அந்தக் குழியில்தான் கிடக்கும். தொல்லியலாளர் முன்னிலையில் அந்த வேலை நடக்க வேண்டும்.

வரும் குழுக்களைக் கல்லடியில் மிதிக்காமல் அழைத்துப்போக, தங்கள் துறை பயிற்சி கொடுத்தால் நாங்களே முன்வருகிறோம். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுங்கல் பார்வையாளர்கள்