குலுக்கல் முடிவுக்குக் காத்திருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அமெரிக்காவில் வேலை செய்வதற்கான ஹெச்-1பி விசாக் குலுக்கலுக்கு உன் நிறுவனம் உன் பெயரைப் பதிவு செய்த நாள்முதல் நீ சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை என்று அம்மா சொன்னாள். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அந்நாட்டிலேயே முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 இடங்கள். அவற்றுக்கு அதைவிடப் பல மடங்குபேர் காத்திருக்கையில் மனம் பதறத்தான் செய்யும். கவலைப்படாதே என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மேட்டூர்த் தண்ணீரை நம்பிப் பயிரிடுபவனுக்கு இந்தக் காத்திருப்பு பழகிய ஒன்று. 2023-இல் ஜூன் 12 அன்று அணையைத் திறந்தார்கள். நீர் குறைந்துபோய் அக்டோபர் 10 அன்று மூடிவிட்டார்கள். மறு ஆண்டு ஜூன் 12 வெறுமனே கடந்தது. கர்நாடகத்தில் மழை கொட்டி வரத்து பெருகிய பிறகு, ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். இவற்றில் எதையும் என்னால் ஒரு நாள்கூட முன்பின் நகர்த்தியிருக்க முடியாது. ஆனால் வயல் வாய்க்காலைத் தூர் வாரி வைக்கலாம். தண்ணீர் தாமதமானால் நீண்ட கால ரகமான சி.ஆர். 1009-ஐ விட்டுவிட்டு மத்திய கால ரகத்துக்கு மாறலாம். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும். அதை அரித்தெடுத்து, அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுப்பேன். கை அந்த வேலையில் இருக்கும்போது அணையின் நீர்மட்டம் நினைவுக்கு வந்தாலும் நெஞ்சை அழுத்துவதில்லை.

உனக்கும் அப்படிப்பட்ட வேலைகள் இருக்கின்றன. குலுக்கலில் பெயர் வந்தால் நிறுவனம் உடனே சொல்லப்போகிறது. அதற்காக இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியைத் திறந்து பார்ப்பதால் எதுவும் மாறாது. அந்த நேரத்தில் தூங்கு, அம்மா. பெயர் வராவிட்டால் வேறு நாட்டுக் கிளைக்கு மாற்றித் தருவார்களா என்று மேலாளரிடம் இப்போதே கேட்டு வை. படிப்பு முடித்தபின் அங்கே வேலை செய்யத் தரும் ஓபிடி அனுமதியின் நீட்டிப்பில் இன்னும் எவ்வளவு காலம் மீதமிருக்கிறது, அடுத்த மார்ச்சில் மீண்டும் பதிவு செய்ய அது போதுமா என்பதையும் வழக்கறிஞரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள். சில மாத வாடகைக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வை. குறைந்தால் தயங்காமல் சொல், இங்கிருந்து அனுப்புகிறேன்.

உன் பட்டச் சான்றிதழின் அசல் நம் பீரோவில் இருக்கிறது. தேவைப்படும் என்றால் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது. மறுநாளே கூரியரில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா