அப்பத்தாவின் குரலை சிடியில் போட

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அப்பத்தா பாடிய கேசட்டுகளை சிடியில் போட எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று போனில் கேட்டாய். அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை எழுதிவிட்டால் கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்வாய்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்காதே. உன்னிடம் இருக்கும் லேப்டாப்பே போதும். சிடி தரத்தில் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்.பி. என்று வைத்துக்கொள். இதற்காக எண்பதாயிரம் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியதில்லை.

காசைப் போட வேண்டியது ஒலி உள்ளே நுழைகிற இடத்தில். உன் லேப்டாப் பக்கவாட்டில் இருக்கும் அந்த ஒற்றை ஓட்டை, ஹெட்செட் மைக்குக்காக வைத்தது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். கேசட் ஓட்டும் டெக்கின் லைன் அவுட்டில், அதாவது ஒலி வெளியே வரும் துளையில், வருவது அதைப்போலப் பல மடங்கு. அதை இதில் செருகினால் குரல் உடைந்துபோகும். போதாததற்கு இடது, வலது இரண்டு சேனலும் ஒன்றாகிவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு கடையில் தாலாட்டுக் கேசட்டைக் கொடுத்தேன் அல்லவா, அவர்கள் செய்தது இதைத்தான். அப்பத்தா குரலை உயர்த்துகிற இடமெல்லாம் கரகரவென்று வந்தது. கேட்க முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். நல்லவேளை, கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் யுஎஸ்பியில் மாட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கு, வெளியிலிருந்து வரும் ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி அது. கேசட்டுக்கு மட்டும் என்றால் பெரிங்கர் யூசிஏ 202 போன்ற சின்னப் பெட்டி போதும். டெக்கிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின் இரண்டையும் நேராகச் செருகலாம். ஆனால் நீ பாட ஆரம்பித்திருக்கிறாய். நாளைக்கு மைக் வைத்துப் பதியத் தோன்றும். அதனால் என் மனசு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 பக்கம்தான் போகிறது. இரண்டு மைக் மாட்டலாம், லைனும் கொடுக்கலாம். விலை கூடுதல்தான், பாதியை அப்பா தருகிறேன்.

டெக் வாங்க வேண்டாம், நம் கடை டெக்கையே கொண்டு வருகிறேன். அந்தக் கேசட்டுகள் எல்லாம் 1991-இல் அதில்தான் பதிந்தவை. டேப்பில் பதியவும் படிக்கவும் செய்யும் ஹெட் எந்தச் சாய்வில் நின்று பதிந்ததோ அதே சாய்வில் நின்று ஓட்டினால்தான் ‘ச’வும் ‘ஸ’வும் துல்லியமாகக் கேட்கும். கொஞ்சம் மாறினாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி மங்கிவிடும். ஹெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஒவ்வொரு கேசட்டுக்கும் காதால் கேட்டு அதை நானே சரிசெய்கிறேன், நீ தொடாதே. பெல்ட் மாற்றியாயிற்று. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தும் வைத்துவிட்டேன்.

பதியும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடு. இல்லாவிட்டால் ‘ம்ம்’ என்று ஒரு கரண்ட் சத்தம் அடியில் ஓடலாம். ஃபேனையும் நிறுத்து, உன் பாட்டுக்கு மைக் வைக்கிற அன்றைக்கு. ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் எவ்வளவு ஏறினாலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வை. அப்பத்தா ஒப்பாரியில் சொல்லாமல் கொள்ளாமல் உச்சத்துக்குப் போவாள், அதற்கு இடம் வேண்டும். 24 பிட் நுணுக்கத்தில் பதிந்துகொண்டு, சிடிக்குப் போகும்போது 16 ஆக்கிக்கொள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், பதிவதையும் மாற்றுவதையும் அதிலேயே செய்யலாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று ரொம்பச் சுரண்டாதே. டேப் இரைச்சலோடு சேர்த்து அவள் மூச்சும் போய்விடும்.

அப்புறம் டிஸ்க். உன் லேப்டாப்பில் டிரைவ் இல்லை. வெளியே மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கு, எல்ஜி, ஆசுஸ் எதுவானாலும் சரி. அதை லேப்டாப்பிலேயே நேராகச் செருகு. மின்சாரம் போதாவிட்டால் எழுதும்போது பாதியில் நின்று டிஸ்க் வீணாகும். வெற்று டிஸ்க் சிடி-ஆர் ஆகவே இருக்கட்டும். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ அத்தை வீட்டுப் பழைய பிளேயரில் ஓடாமல் போகலாம். ஒன்றில் 80 நிமிடம்தான் கொள்ளும். எனவே 90 நிமிடக் கேசட்டைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிஸ்க்கில் பிரித்துவிடு. 16 மடங்கு வேகம் வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடியும். டிஸ்க் எழுதும் மென்பொருளில் ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ (முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் எழுதுவது) என்பதைத் தேர்ந்தெடு. இல்லாவிட்டால் பாட்டுக்குப் பாட்டு நடுவே இரண்டு நொடி வெறுமை விழும். நடவுப் பாட்டு நிற்காமல் தொடர்ந்து போகிறது, அங்கே அது உறுத்தும்.

மேல்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டாதே. எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள், ஆனால் ஒளியைத் திருப்பும் படலம் மேலே மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. சிடிக்கென்று விற்கும் பேனாவால் பெயர் எழுது. வெயில் படாமல் வை. மூலப் பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனியாக வைத்துக்கொள், ஒன்று என்னிடம் இருக்கட்டும்.

மூன்றாவது கேசட் பி பக்கம் முடிகிற இடத்தில் ஒரு குழந்தை அழும். அப்பத்தா பாட்டை நிறுத்திவிட்டு “வாடி என் தங்கம்” என்பாள். அது நீதான். அதை வெட்டிவிடாதே.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். டெக் கனமாக இருக்கும், ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

அப்பா