சாட்சி சொல்லிவிட்டு வந்தேன்

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவளுக்கு வரன் தகைந்துவிட்டது, தேதி பிறகு சொல்கிறேன். உன் மாடிக் கத்தரிக்காய் இந்த வருஷமாவது உன் வாய்க்கு வந்ததா, இல்லை எலிக்கேதானா?

சரி, விஷயம் வேறு. போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்டேஷன் ஏட்டு ஒருவருக்கு எதிராக 3பி விசாரணையில், அதாவது போலீஸ்காரர் மீது துறையே நடத்தும் விசாரணையில், சாட்சி சொன்னேன்.

ஒரு பையனைக் காதோடு சேர்த்து அறைந்ததாக அவன் அம்மா எஸ்.பி.யிடம் மனு கொடுத்திருந்தார். அன்று இரவு ஸ்டேஷனில் பாரா, அதாவது காவல் டூட்டி, நான்தான். என் கண் முன்னால்தான் நடந்தது. ஆனால் முதல் விசாரணையில் ‘கவனிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சேகர், அதன்பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் முறை உனக்குத் தெரியாதே. குற்றச்சாட்டை எழுதி சார்ஜ் மெமோ கொடுப்பார்கள், விளக்கம் வாங்குவார்கள், டி.எஸ்.பி. ஒருவர் விசாரித்து எஸ்.பி.க்கு அறிக்கை அனுப்புவார். தண்டனை இன்கிரிமென்ட் நிறுத்தம் முதல் டிஸ்மிஸ் வரை எதுவும் ஆகலாம். மெமோ வாங்கியவருக்குச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. உரிமை சரிதான். ஆனால் அந்த அம்மா ஒயர் கூடையில் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு, மகனை அடித்தவர் கேட்கிற கேள்விக்கு அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டியிருந்தது. கூடையின் பிடியை விடவே இல்லை.

அடுத்து நான். “என்னண்ணே, அப்போ ஒண்ணு எழுதினீங்க, இப்போ ஒண்ணு சொல்றீங்க?” என்றார் ஏட்டு. அப்போது எழுதியது பொய் என்றேன்.

எனக்கு அந்தத் துணிவு வந்தது சாத்தான்குளத்தை நினைத்துத்தான். 2020 ஜூனில் அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த பிறகு, நீதித்துறை நடுவர் ஸ்டேஷனுக்குள்ளேயே போய் விசாரித்தாரே. சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அங்கிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்ததைச் சொன்னார். சுற்றிலும் சக போலீஸ்காரர்கள் நிற்க, பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னதும், ஸ்டேஷனையே வருவாய்த் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னதும் உயர் நீதிமன்றம். வெளியிலிருந்து ஒருவர் வந்ததால்தான் உள்ளே இருந்தவருக்குப் பேச முடிந்தது.

அதைத்தான் நம் ஊரில் நிரந்தரமாகச் செய்யவே மாட்டேன் என்கிறார்கள். போலீஸ் மீதான புகாருக்குத் தனி ஆணையம் வேண்டும், தலைமை ஓய்வு பெற்ற நீதிபதியிடம் இருக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாநிலம் 2013-ல் போட்ட சட்டத்தில் தலைவர் உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி.யும் உறுப்பினர். அந்த அம்மா எந்த நம்பிக்கையில் அங்கே போவார், சொல்லு? அடித்தவரும் காக்கி, விசாரிப்பவரும் காக்கி. எங்கள் டி.எஸ்.பி. நல்ல மனிதர், நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டார். அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வெளியே வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றார். பையனுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லையாம். முன்னால் பொய் எழுதியவனும் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எக்ஸ்ரேயை எடுத்து என்னிடம் காட்டினார்.

அறிக்கை இன்னும் போகவில்லை. ஸ்டேஷனில் இரண்டு பேர்தான் என்னோடு பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மேல் போன் போடு, அதுவரை டூட்டி. ரத்தினத்திடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே, அவன் நேரே கிளம்பி வந்துவிடுவான்.

உன்,
பாண்டி